பிரிக்காத கவர்

மேற்கு தாம்பரம்
நவம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. 2015-க்குப் பிறகு நவம்பர் பிறந்தாலே அம்மா வீட்டுப் பத்திரத்தையும் உன் சர்டிபிகேட்டுகளையும் பரணில் ஏற்றிவிடுவாள். இந்த வருஷமும் ஏற்றியாயிற்று.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி வெகுநேரம் கண் விழிக்காதே.

இன்றைக்குத் தபாலில் மூன்று வந்தன. சித்தப்பா வீட்டு கிரகப்பிரவேசப் பத்திரிகை. உன் பெயரையும் போட்டிருக்கிறார்கள். அடுத்தது சொத்து வரிச் சீட்டு. மூன்றாவது உனக்கு வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார் தபால்காரர். இப்போது ரிஜிஸ்டர் தபால் என்று தனியாகக் கிடையாது சார், எல்லாம் ஸ்பீடு போஸ்ட்தான் என்றார். ஜன்னல் வைத்த கவர். உன் பெயர் தெரிகிறது. நான் பிரிக்கவில்லை.

தீபாவளிக்கு நீ வராதது வேலையால்தான் என்று அக்காவிடம் சொன்னேன். போனை எடுக்காததும் அதனால்தான் என்றேன். இந்தத் தெருவிலேயே சொந்தச் சம்பாத்தியத்தில் முதலில் கார் வாங்கிய பையன் நீ. அதை இன்றைக்கும் நாலு பேரிடம் சொல்கிறேன். ஆனால் பெற்றவளிடம் ரெண்டு நிமிஷம் பேசக்கூடவா நேரமில்லை? அவள் போனை மடியில் வைத்துக்கொண்டேதான் சீரியல் பார்க்கிறாள். சரி, விடு. சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே.

அந்த மாதிரிக் கவர் எனக்குப் புதிதில்லை. நீ ரெண்டாம் வகுப்பு படிக்கும்போது, அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருக்கிறது, செயின் எங்கே என்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறது என்றேன். அது பொய். செயினும் வளையலுமாக எட்டுப் பவுனை அடகு வைத்து, 24 வட்டி தருகிறோம் என்ற ஒரு பைனான்ஸ் கம்பெனியில் போட்டிருந்தேன். அக்கா கல்யாணத்துக்குப் பெருகும் என்று நினைத்தேன். 1998-ல் கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் அப்படி மூடினார்கள். ஏமாந்தவன் நான் ஒருவன் இல்லை. ஆனால் வீட்டில் மறைத்தது நான்தான்.

நகைக்கு வட்டி கட்ட முடியவில்லை. நோட்டீஸ் வர ஆரம்பித்தது. தினம் எட்டு மணிக்கே கிளம்பி, தபாலாபீஸ் வாசலில் நின்று நம் வீட்டுத் தபாலைக் கையில் வாங்கிக்கொண்டு, பிறகுதான் பீச் வண்டி ஏறுவேன். சீக்கிரம் போனால் உட்கார இடம் கிடைக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். நாலு மாதம் அப்படி நின்றேன். ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். ஏல நோட்டீஸ் அன்றைக்குத்தான் வந்தது. கையெழுத்துப் போட்டு அவளே வாங்கினாள்.

மத்தியானம் கஞ்சித் தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் காகிதத்தை வைத்தாள். "நாலு மாசமா நீங்க மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்ணீங்க? முதல்லயே சொல்லியிருந்தா அண்ணன்கிட்ட வாங்கியாவது மீட்டிருப்பேனே" என்றாள். சத்தம் போடவில்லை. அவள் கேட்டது நியாயம். அந்த நகையில் பாதி அவள் அம்மா போட்டது. இதுவரை உங்கள் ரெண்டு பேரிடமும் நான் சொன்னதில்லை.

கவரில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எதுவும் இல்லாமலும் இருக்கலாம். என் பென்ஷனில் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, அதை உனக்குச் சொல்லி வைக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி பெங்களூரில் ரயில் ஏறு. சென்ட்ரலில் இறங்கி பார்க் ஸ்டேஷனுக்கு நடந்தால் தாம்பரம் வண்டி வரும். டிபன் வீட்டில் சாப்பிடலாம்.

கவர் பஞ்சாங்கத்துக்குள் இருக்கிறது. அம்மா இன்னும் பார்க்கவில்லை. கேட்டாளென்றால் இன்னொரு தரம் என்னால் பொய் சொல்ல முடியாது. சீக்கிரம் வா.

அப்பா