பிரேக்கும் அதே பேட்டரியில்தான், சுகந்தி

கோத்தகிரி

அன்புள்ள சுகந்தி,

அக்கா மகன் நவீன் எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டிலிருந்து விழுந்துவிட்டான். பயப்படாதே, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் தோல் உரிந்திருக்கிறது, உள்ளங்கையில் தையல். ஹெல்மெட் போட்டிருந்தான், அந்த மட்டும் புண்ணியம். அக்கா அவனோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "முதல்ல பேட்டரி பேக்கைப் பிரி" என்று கத்துவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாமே, சேகர் சொன்னான். நான் கேட்டதாகச் சொல். இங்கே பச்சைத் தேயிலை விலை பழைய கதைதான். ஃபேக்டரியில் டிரையர் பேனலை மாற்றிய ராமாயணத்தை நேரில் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் அவன் செகண்ட் ஹேண்டில் வாங்கின எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு இது. 36 வோல்ட் பேக், பத்து வரிசை, வரிசைக்கு இரண்டு செல். பின் சக்கரம் இரண்டுக்குள்ளும் மோட்டார். கையில் ஒரு ரிமோட், ஓடுவதும் நிற்பதும் அதில்தான். அங்கே சமதளத்தில் தகராறே இல்லையாம். இங்கே முதல் ஏற்றத்திலேயே படுத்துவிட்டது. அணைத்துப் போட்டால் வரும், கொஞ்ச தூரத்தில் மறுபடி படுக்கும். ஜான்ஸ்டன் சதுக்கம் பக்கம் போனால் இன்னொரு மாதிரி: போர்டில் விளக்கு எரியும், மோட்டார் மட்டும் விக்கி விக்கி விட்டுவிடும். "சித்தி, பனி மூட்டத்துல சிக்னல் கட் ஆகுது" என்று அவனே முடிவு கட்டிவிட்டான்.

பனி மூட்டம் இரண்டு மீட்டர் தூரத்து ரிமோட்டை ஒன்றும் செய்யாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அந்தத் தூரத்தில் மூட்டம் இருப்பதே தெரியாது. அந்த அலையைக் குடிப்பது நம் உடம்பு, தடுப்பது உலோகம். உள்ளே இறங்கிக் கனெக்டரில் படியும் ஈரம் வேறு விஷயம், அது நிஜமாகவே கெடுக்கும். ஆனால் இவன் பெட்டிக்குள் ரப்பர் விளிம்பு நன்றாக இருக்கிறது, ஈரத்தின் சுவடே இல்லை.

எதையும் கழற்றும் முன்னால் நின்றது கரண்டா சிக்னலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இதில் ஒரு வலை இருக்கிறது. போர்டுக்குள் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு 5 வோல்ட், மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோலரிலிருந்துதான் வருகிறது. பேட்டரி அறுந்தால் ரிசீவரும் செத்துப்போகும், கையிலிருக்கும் ரிமோட் "ஆளைக் காணோம்" என்று மினுக்க ஆரம்பிக்கும். அதைப் பார்த்துவிட்டு ரிமோட்டை மாற்றிக் காசைக் கரியாக்குகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ. பார்க்க வேண்டியது போர்டின் விளக்கை. அது அணைந்தால் கரண்ட், எரிந்துகொண்டே மோட்டார் விட்டால் சிக்னல். நவீனை அப்படிக் கவனிக்கச் சொன்னேன். இரண்டு கோளாறும் தனித்தனியாக இருந்தன.

சிக்னல் கோளாறு சுலபத்தில் அகப்பட்டது. போர்டைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிமோட்டோடு தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றான். உடனே சக்கரம் விக்கியது. மூடியைத் திறந்தால் ரிசீவரின் ஆன்டெனா ஒயர் மோட்டார் ஒயர்களோடு சேர்த்து டேப் சுற்றி, அலுமினிய மூடிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. முனையில் உறையில்லாமல் இருக்கும் 31 மில்லிமீட்டர்தான் வேலை செய்கிற பகுதி, கால் அலைநீளம். அது உலோகத்தில் ஒட்டிக் கிடந்தால் என்ன கேட்கும்? பிரித்தெடுத்து, பிளாஸ்டிக் இருக்கும் பக்கவாட்டில் நிமிர்த்தி ஒட்டினேன். இப்போது வாசலுக்கு அந்தப் பக்கம் போனாலும் விடுவதில்லை. வைஃபையும் புளூடூத்தும் நெரியும் கடைவீதியில்தான் அந்தக் கோளாறு அதிகம் தெரிந்தது, அதுவும் பொருந்துகிறது.

கரண்ட் கோளாறுதான் தூக்கத்தைக் கெடுத்தது. மீட்டர் வைத்தால் பேக் நன்றாகத்தான் காட்டும். சும்மா இருக்கும் பேட்டரி எப்போதுமே அப்படித்தான், சுமை ஏற்றினால்தான் குணம் தெரியும். காரின் ஹெட்லைட் பல்பு, 12 வோல்ட் 55 வாட், மூன்றை வரிசையாகக் கோத்து மாட்டினேன், நாலரை ஆம்பியர் இழுக்கும். எரியவிட்டு, பேக்கின் வரிசைகளிலிருந்து வரும் வெள்ளைக் கனெக்டரின் பதினோரு ஒயரிலும் ஒவ்வொன்றாக மீட்டர் முனையை நகர்த்தினேன். ஒன்பது வரிசை 3.6 வோல்ட்டில் நிற்கிறது. ஏழாவது மட்டும் கண்ணெதிரே சரிகிறது. 2.8-ஐத் தொட்டதும் பி.எம்.எஸ், அதாவது பேட்டரியைக் காக்கும் சர்க்யூட், அறுத்துவிட்டது, பல்பு மூன்றும் ஒன்றாக அணைந்தன. மொத்தம் அப்போதும் 35 வோல்ட். கன்ட்ரோலர் 30 வரை தாங்கும், அதற்கு ஒன்றுமே தெரியாது. ஒரே ஒரு வரிசைக்காகக் காவல்காரன் கதவைச் சாத்திவிட்டான்.

நீல உறையை வெட்டிப் பார்த்தேன். ஏழாவது ஜோடியில் ஒரு செல்லின் தலையில் நிக்கல் பட்டையின் வெல்ட் புள்ளிகள் நாலும் விட்டிருந்தன. பார்வைக்குத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மூங்கில் குச்சியால் அழுத்தினால் சேர்கிறது, எடுத்தால் விடுகிறது. ஸ்பீட் பிரேக்கரும் குண்டுகுழியும் தட்டித் தட்டி விட்டிருக்க வேண்டும். அப்படியானால் அந்த வரிசைக்குப் பாதிக் கொள்ளளவு, இரட்டிப்பு உள்தடை. காலைக் குளிரில் எல்லாச் செல்லுக்கும் உள்தடை ஏறும், அதனால்தான் விடியலில் இன்னும் சீக்கிரம் நின்றிருக்கிறது.

இதுவரைக்கும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, சுகந்தி. அப்புறம்தான் அவன் விழுந்தது இறக்கத்தில் ஆயிற்றே என்று உறைத்தது.

அன்று மேட்டிலிருக்கும் வீட்டில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு, காலையில் எஸ்டேட் ரோட்டில் கீழே இறங்கியிருக்கிறான். பிரேக் முதலில் பிடித்தது, பிறகு ஒரேயடியாக விட்டது. வளைவில் காட்டெருமை நிற்கிறது. தேயிலைச் செடிப் பக்கம் குதித்துவிட்டான்.

இந்தப் போர்டுக்குப் பிரேக் கட்டையும் கிடையாது, கம்பியும் கிடையாது. மோட்டாரே டைனமோவாக மாறி, வேகத்தைக் கரண்டாக்கிப் பேட்டரிக்குள் தள்ளுவதுதான் பிரேக். அவனும் போர்டுமாக 70 கிலோ, 12-க்கு 1 சரிவு, மணிக்கு 20 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் ஐந்து, ஆறு ஆம்பியர் திரும்பி வருகிறது. அவனுடைய சார்ஜர் 2 ஆம்பியர்தான். ஏற்கெனவே நிரம்பிய பேக்குக்குள் அதைப் போல் மூன்று மடங்கைத் திணித்தால்? பாதி உயிரான ஏழாவது வரிசைதான் ஏற்றத்தில் முதலில் காலியாகிறது, இறக்கத்தில் அதேதான் முதலில் நிரம்பிய செல்லின் எல்லையான 4.2 வோல்ட்டைத் தாண்டுகிறது. பி.எம்.எஸ் கதவைச் சாத்த, கரண்டுக்குப் போக்கிடமில்லாமல் கன்ட்ரோலர் கைவிட, பிரேக் போய்விட்டது. ஏற்றத்தில் நின்றதற்கும் இறக்கத்தில் நிற்காததற்கும் அந்த நாலு புள்ளிதான் காரணம்.

சிக்னல் போனாலும் இதே கதிதான். தொடர்பு அறுந்தால் கன்ட்ரோலர் நியூட்ரலுக்குப் போய்விடும், உருளவிடும். சமதளத்தில் அது சரியான முடிவு, திடீரென்று பிரேக் போட்டால் ஆளைத் தூக்கி அடிக்கும். நம் ஊர் ரோட்டில் உருளவிட்டால் எங்கே போய் நிற்பது? நம் மலை ரயிலை நினைத்துப் பார். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12-க்கு 1 சரிவு, நடுவில் பல் தண்டவாளம், அது போதாதென்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன். ஒன்று விட்டால் இன்னொன்று பிடிக்கும். இவனுக்கு அந்த இன்னொன்று இல்லை.

வெல்டைச் சரிசெய்தாலும் இது மாறாது. நல்ல பேக்கும் நிரம்பியிருந்தால் இறக்கத்தில் கரண்டை வாங்காது. அதனால் மேலிருந்து கிளம்பும் நாளில் முக்கால் சார்ஜுக்கு மேல் போடாதே, காலால் தேய்த்து நிறுத்தப் பழகு, மெயின் ரோடு இறக்கத்தில் ஏறவே ஏறாதே என்று சொல்லியிருக்கிறேன். ஜனவரியில் ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவுக்கு எடுத்துப் போகிறேன் என்கிறான். உறைபனி விழும் விடியலில் பிரேக் பிடிப்பது சார்ஜ் போடுவது மாதிரிதான், பூஜ்யத்துக்குக் கீழே லித்தியத்துக்கு அது ஆகாது. தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் எனக்குப் போதவில்லை.

இப்போது உன் வேலை. செல் தலையில் சால்டரிங் அயர்ன் வைக்க எனக்கு மனசில்லை, சூடு உள்ளே போய்விடும். உன் ஸ்பாட் வெல்டர்தான் வேண்டும். விட்டுப்போன செல் 3.9-ல் நிற்கிறது, அதன் ஜோடி 3.4. இப்படியே சேர்த்தால் ஒன்று மற்றொன்றுக்குள் கொட்டும், ஆகவே சமன்படுத்திவிட்டு வெல்ட் செய்வதா, ஜோடியையே மாற்றுவதா? பழைய பதினெட்டோடு புதிய இரண்டைச் சேர்த்தால் வேறொரு தகராறு முளைக்குமோ என்றும் தோன்றுகிறது. என் ஓட்டு முழுப் பேக்கையும் புதிதாகக் கட்டுவதற்கே. நவீன் கையில் காசில்லை, பாதியை நான் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறந்திருக்குமானால் பேக்கைக் கையிலேயே எடுத்து வருகிறேன். முனைகளுக்கு டேப் ஒட்டிவிட்டேன். அவனையும் கூட்டி வருகிறேன். நான் சொல்வது அவனுக்கு வீட்டுப் பேச்சாகிவிட்டது, இறக்கத்தைப் பற்றி நீ ஒரு தடவை உன் குரலில் சொல்லு. சேகரை மட்டும் அன்றைக்குக் கூப்பிடாதே, பூண்டுக் கதையை ஆரம்பித்தால் வேலை நடக்காது.

அன்புடன்,
மாலதி