கர்ப்பிணிக்கு பி.பி. ஏறினால் அவள் கவலையா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் கர்ப்பகால ரத்த அழுத்தம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இதயத்தை வேகப்படுத்தி ரத்தக் குழாய்களைச் சுருக்கும் பரிவு நரம்பு மண்டலத்தைப் பற்றியெல்லாம் ஒரு பொதுப் பத்திரிகை எழுதுவது அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் கட்டுரை முடிந்த விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. கவலைப்பட்டால் இந்த நரம்புகள் தூண்டப்படும், அதனால் அழுத்தம் ஏறும், ஆகவே கர்ப்பிணிகள் மனதை அமைதியாக வைத்துக்கொண்டால் போதும் என்கிறது அது. பிரசவ வார்டில் நெடுங்காலம் வேலை பார்த்த செவிலியர் நான். இந்த ஒரு வரி வீட்டுக்குள் போனால் பழி யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும்.

160/110 அழுத்தத்தோடு ஒரு பெண் வந்து படுத்திருப்பாள். இமைகள் வீங்கியிருக்கும். விரலில் மோதிரம் இறுகிப்போய், சோப்பு நுரை தடவித் திருகிக் கழற்றிக்கொண்டிருப்போம். பக்கத்தில் நிற்கும் மாமியார், "எந்நேரமும் எதையாவது யோசிச்சுக்கிட்டே இருப்பா சிஸ்டர், சொன்னா கேட்க மாட்டா" என்பார். அந்தப் பெண்ணும் ஆமாம் என்று தலையாட்டுவாள். தன் பிள்ளைக்குத் தானே கெடுதல் செய்துவிட்டதாக நம்பிக்கொண்டு பிரசவ அறைக்குள் போன பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

பரிவு நரம்புகளுக்கு இதில் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. 1996இல் ஜெர்மனியில் எர்லாங்கன்-நியூரம்பெர்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதை நேரடியாகவே அளந்தார்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஓடும் நரம்பில் மிக மெல்லிய ஊசியைச் செருகி, ரத்தக் குழாய்களைச் சுருங்கச் சொல்லிப் போகும் பரிவு நரம்புச் சமிக்ஞைகளை எண்ணினார்கள். சாதாரணக் கர்ப்பிணிகளுக்கு நிமிடத்துக்குச் சராசரியாகப் பத்து. பிரிஎக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போவது போன்ற கோளாறுகளும், முற்றினால் வலிப்பும் வரும் நோய்) வந்தவர்களுக்கு முப்பத்து மூன்று. கர்ப்பமில்லாத ரத்த அழுத்த நோயாளிகளுக்குக்கூட அவ்வளவு இல்லை. சில பெண்களை மட்டும் வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனால் அதில் இன்னொன்றும் பார்த்தார்கள்: பிரசவத்துக்குப் பிறகு அந்தச் சமிக்ஞைகள் குறைந்தன, அழுத்தமும் இறங்கியது.

பிரசவத்தில் உடம்பை விட்டுப் போனது குழந்தையும் நஞ்சுக்கொடியும்தானே? கடன், வேலை, வீட்டுச் சண்டை எதுவும் அன்றைக்குத் தீர்ந்துவிடவில்லை. கைக்குழந்தை வந்த பிறகு தாய்க்குத் தூக்கம் குறையும், கவலை கூடும். கவலைதான் மூலகாரணம் என்றால் எண்ணிக்கை இறங்கியிருக்கவே கூடாது.

வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில் கருப்பைச் சுவரில் உள்ள சுருள் தமனிகள் என்ற ரத்தக் குழாய்கள் அகன்று, நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக ரத்தம் தர வேண்டும். சிலருக்கு அது சரியாக நடப்பதில்லை. ரத்தம் போதாத நஞ்சுக்கொடி சில புரதங்களை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் கலக்கவிடுகிறது. அவை குழாய்களின் உள்சுவரைக் கெடுக்கின்றன. அப்படி ஒரு புரதத்தை 2003இல் பாஸ்டனில் அடையாளம் காட்டிய குழுவை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த அனந்த் கருமாஞ்சி. நல்லபடியாகப் போகும் கர்ப்பத்தில் குழாய்கள் தளர்ந்து கொடுக்கும், பரிவு நரம்பு சற்று முடுக்கினாலும் பெரிதாகச் சுருங்காது. உள்சுவர் கெட்ட குழாய்க்கு அந்தத் தளர்வு இல்லை, சுருங்கி அழுத்தத்தை ஏற்றிவிடும். இதில் அந்தப் பெண் நினைத்ததும் நினைக்காததும் எங்கே வருகிறது?

மனம் பதறினால் அந்த நேரத்துக்கு அழுத்தம் கொஞ்சம் ஏறும், உண்மைதான். பஸ்ஸில் இறங்கி வேகமாக நடந்து வந்து, வரிசையில் நின்று, கால் தொங்க ஸ்டூலில் உட்கார்ந்தபடி பேசிக்கொண்டே கையை நீட்டுகிற பெண்ணுக்குத் தப்பான எண்தான் வரும். ஐந்து நிமிடம் உட்காரவைக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படவேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கவேண்டும். பருமனான கைக்குப் பெரிய பட்டை சுற்ற வேண்டும். அப்புறமும் 140/90 காட்டினால், "பதற்றமாக இருந்திருப்பாள்" என்று விட்டுவிடாமல் மறுபடி பார்த்து, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பழி சொல்வதில் இன்னொரு கெடுதலும் உண்டு. கவலைதான் காரணம் என்றால், ஓய்வெடுத்துக் கோயிலுக்குப் போய்வந்தால் சரியாகிவிடும் என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மெத்தில்டோபா என்ற பி.பி. மாத்திரை போட்டால் தூக்கம் வரும், பிள்ளைக்கு ஆகாது என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த மாத்திரை வேலை செய்வதே மூளையிலிருந்து பரிவு நரம்புகளுக்குப் போகும் கட்டளையைக் குறைத்துத்தான். லபெட்டலால் என்ற இன்னொரு மாத்திரை அதே கட்டளையை இதயத்திலும் குழாய்களிலும் தடுக்கிறது. மூன்றாவதான நிபெடிபின் குழாய்த் தசையையே தளர்த்துகிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நாக்பூரின் இரண்டு அரசு மருத்துவமனைகளில் அழுத்தம் கடுமையாக ஏறிய கர்ப்பிணிகளுக்கு இந்த மூன்றையும் வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள். எந்த மாத்திரையானாலும் பெரும்பாலோருக்கு ஆறு மணி நேரத்துக்குள் அழுத்தம் கட்டுக்குள் வந்தது. பரிவு நரம்பு பற்றி எழுதிய கட்டுரை அதைத் தணிக்கும் மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

பிரசவத்துக்குப் பிறகு அழுத்தம் இறங்கும் என்றேன், ஆனால் எல்லோருக்கும் உடனே இறங்காது. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் அது மறுபடி உச்சத்துக்குப் போவதுண்டு. பெரும்பாலும் அந்த நாட்களில் தாய் வீட்டுக்குப் போயிருப்பாள். எல்லோருடைய கண்ணும் குழந்தை மேல் இருக்கும். தலைவலி என்றால் தூக்கம் இல்லாததால் என்று தைலம் தேய்ப்பார்கள். வலிப்பு அந்த வாரத்திலும் வரலாம்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த இதழில் அதே பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ மின்னினாலோ, மேல்வயிற்றில் வலித்தாலோ, முகமும் கையும் திடீரென்று வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, கர்ப்பிணியானாலும் பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகாதவளானாலும், அன்றைக்கே பி.பி. பார்க்க வேண்டும். வலிப்பு வந்தால் இடதுபக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், 108ஐ அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர் மாவட்டம்