அந்தக் கோபுரம் கத்தோலிக்கக் கோபுரம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பற்றி முழுப் பக்கத்துக்கு ஒரு பயணக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் நன்றாக இருந்தன, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் முதல் படத்தின் கீழே 'ஏரிக்கரையில் இடைக்காலக் கத்தோலிக்கத் தேவாலயம்' என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு. தண்ணீரை ஒட்டிக் கூராக நிற்கிறதே, அந்தக் கோபுரம் லூத்தரன் சபையுடையது, அதாவது புராட்டஸ்டண்டுகளுடையது, 1863-இல் திறந்தது. கத்தோலிக்கத் தேவாலயம் மேட்டின் மேல் இருக்கிறது. சுமார் 500 வருடம் பழையது, படத்தில் இடது ஓரத்தில் கூரை மட்டும் தெரிகிறது.

படக்குறிப்புக்காக ஒரு கடிதமா என்று கேட்காதீர்கள். அந்த ஊரின் கதையில் பாதி அந்தக் கோபுரத்தில்தான் இருக்கிறது, அதை விட்டுவிட்டுக் 'கனவுக் கிராமம்', 'தேவதைக் கதை' என்று எழுதிக்கொண்டே போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்க ஊர். அங்கே வாழ்ந்தவர்கள் உப்பு வெட்டியவர்கள், விறகு வெட்டியவர்கள், உப்பு காய்ச்சியவர்கள், படகில் ஏற்றியவர்கள். 16-ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கத்துத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் லூத்தர் பக்கம் போய்விட்டார்கள். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசோ கத்தோலிக்க அரசு, அதற்கு மேல் உப்பு முழுக்க அரசின் ஏகபோகம், அதாவது முதலாளியும் அரசுதான், மதத்தைச் சொல்வதும் அரசுதான். 1601-02 வாக்கில் தொழிலாளர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள், பக்கத்து சால்ஸ்பர்க்கை ஆண்ட பேராயரின் படை வந்து அடக்கியது. அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கப் பூசைக்குப் போவதும், வீட்டில் ஒளித்து வைத்த ஜெர்மன் பைபிளைக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதுமாகக் காலம் ஓடியது.

1734-இல் பேரரசர் ஆறாம் கார்ல் ஒரு முடிவுக்கு வந்தார். இரண்டு மூன்று வருடம் முன்னால் சால்ஸ்பர்க் பேராயர் சுமார் 20,000 புராட்டஸ்டண்டுகளை ஒரேயடியாக வெளியே துரத்தியிருந்தார், அவர்களில் பெரும்பகுதியை வடக்கே இருந்த புராட்டஸ்டண்ட் நாடான பிரஷ்யா வாரிக்கொண்டது. கார்லுக்கு அப்படி ஆட்களை இன்னொரு நாட்டுக்குத் தாரை வார்க்க மனசில்லை. அதனால் ஹால்ஸ்டாட், கோய்சர்ன், இஷ்ல் பக்கத்தில் பிடிவாதமாக இருந்த குடும்பங்களைத் தன் சொந்த ராஜ்ஜியத்தின் மறு கோடிக்கு, திரான்சில்வேனியாவுக்கு அனுப்பினார். டான்யூப் நதியில் படகேற்றி அனுப்பிய அந்தச் சில நூறு பேர் இன்றைய ருமேனியாவில் சிபியு நகரை ஒட்டிய கிராமங்களில் குடியேறினார்கள், அவர்களுடைய வழிவந்தவர்கள் 20-ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஆல்ப்ஸ் மலைப் பேச்சையே பேசிக்கொண்டிருந்தார்கள். 1781-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தார், கூடவே நிபந்தனையும் போட்டார்: கோபுரம் கூடாது, மணி கூடாது, தெருப் பக்கம் வாசல் கூடாது. அந்தத் தடையெல்லாம் முழுசாக நீங்க 1861 ஆனது. அடுத்த இரண்டே வருடத்தில் ஊரிலேயே கண்ணில் முதலில் படுகிற இடத்தில் கோபுரத்தை எழுப்பிவிட்டார்கள்! இன்று உலகம் முழுக்கப் போஸ்ட்கார்டில் போவது அந்தக் கோபுரம்தான். அதற்குப் போய் 'இடைக்காலக் கத்தோலிக்க' என்று எழுதினால் அந்த ஊர்க்காரர் ஒருவர் படித்தால் என்ன நினைப்பார்?

சரி, இடத்துக்கு வருகிறேன். மேல் ஆஸ்திரியா மாநிலம், கிமுண்டன் மாவட்டம், சால்ஸ்காமர்குட் என்கிற ஏரிப் பகுதி. ஊராட்சியின் பரப்பு 60 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, தாராளமான இடம் என்று தோன்றும், ஆனால் ஏறக்குறைய எல்லாமே பாறை, காடு, செங்குத்துச் சரிவு. தெற்கே டாக்ஸ்டைன் மலை, அதன் உச்சி 2,995 மீட்டர். ஏரி கடல்மட்டத்திலிருந்து 508 மீட்டர் உயரத்தில், ஆழமான இடத்தில் 125 மீட்டர் ஆழம். வீடு கட்ட முடிகிற நிலம் என்றால் ஏரிக்கும் மலைக்கும் இடையே ஒரு ஒட்டுத் துண்டு, அப்புறம் தெற்குப் பக்கம் ஓடை அடித்துக்கொண்டு வந்து போட்ட மண்ணில் லான் என்ற சமதளம், அவ்வளவுதான். அதனால்தான் வீடுகள் ஒன்றன் தலையில் ஒன்று ஏறி நிற்கின்றன. உங்கள் கட்டுரையாளர் இதை அழகுணர்ச்சி என்று எழுதியிருக்கிறார், உண்மையில் அது இடநெருக்கடி. 1890 வரைக்கும் ஊருக்குச் சாலையே கிடையாது. படகில் வர வேண்டும், இல்லையென்றால் மலைப் பாதையில் நடக்க வேண்டும். வீட்டுக்கு வீடு போவதற்கும் கீழே படகு, மேலே பரண்களை ஊடுருவிப் போகிற ஒரு குறுகலான நடைபாதை. 1890-இல் பாறையை வெடி வைத்துத் தகர்த்துத்தான் சாலை போட்டார்கள். ரயில் அதற்கு முன்பே 1877-இல் வந்துவிட்டது, ஆனால் ஏரியின் எதிர்க்கரையில்! இன்றைக்கும் ஹால்ஸ்டாட் ரயில் நிலையத்தில் இறங்கினால் படகு பிடித்துத்தான் ஊருக்குள் போக முடியும்.

இடநெருக்கடி செத்தவர்களையும் விடவில்லை. கத்தோலிக்கத் தேவாலயத்தை ஒட்டிய மயானம் சின்னது, பெரிதாக்க வழியில்லை. ஆகவே பத்துப் பதினைந்து வருடம் கழித்துக் குழியைத் தோண்டி எலும்பை எடுத்து, மண்டையோட்டைச் சுத்தம் செய்து வாரக்கணக்கில் வெளியே வைத்து வெளுக்க விட்டு, நெற்றியில் பெயர் எழுதிப் பூமாலையோ இலைக்கொடியோ வரைந்து பக்கத்திலிருக்கும் சிற்றாலயத்தின் அடி அறையில் அடுக்குவார்கள். அங்கே சுமார் 1,200 மண்டையோடுகள் இருக்கின்றன, அதில் 600-க்கு மேல் வர்ணம் தீட்டியவை. குடும்பம் குடும்பமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். கடைசியாக உள்ளே வந்தது 1995-இல், 1983-இல் இறந்துபோன ஒரு பெண்ணுடையது, தங்கப் பல்லோடு இருக்கிறது. உங்கள் கட்டுரையில் இதற்கு 'திகில் அறை' என்று உபதலைப்பு. பேரன் தாத்தாவின் தலையைக் கையில் வாங்கிப் பெயர் எழுதி வைத்த இடம் அது, திகில் எங்கே வந்தது?

உப்பைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், 'பழங்காலச் சுரங்கமும் உண்டு' என்று. எவ்வளவு பழங்காலம்? அங்கே கிடைத்த மான்கொம்பு மண்வெட்டி ஒன்றுக்கு ஏறக்குறைய 7,000 வயது. 2003-இல் சுரங்கத்துக்குள் ஒரு மரப் படிக்கட்டு கிடைத்தது, மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் கி.மு. 1344-இல் வெட்டிய மரம் என்று வருடத்தோடு சொல்லிவிட்டார்கள். ஐரோப்பாவில் கிடைத்த மரப் படிக்கட்டுகளில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள். உப்பு எதையும் அழுக விடாது அல்லவா, அதனால் வெளிச்சத்துக்கு எரித்த மரச்சிம்புகள், உப்பு சுமந்த தோல் பை, கிழிந்த கம்பளித் துணி, எல்லாம் அப்படியே கிடக்கின்றன. அவ்வளவு ஏன், அன்றைய தொழிலாளிகள் சுரங்கத்துக்குள்ளேயே ஒதுங்கிய மலம்கூட இருக்கிறது. 2021-இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார்கள்: சுமார் 2,700 வருடத்துக்கு முன்னால் இருந்த ஒருவரின் மலத்தில் பீர் புளிக்க வைக்கிற ஈஸ்டும் நீலப் பாலாடைக்கட்டியில் வளர்கிற பூஞ்சையும் இருந்தனவாம். வாற்கோதுமை, தினை, அவரை இதெல்லாம் அன்றாடச் சாப்பாடு.

1846-இல் ராம்சாவர் என்ற சுரங்க மேலாளர் மேல் பள்ளத்தாக்கில் ஒரு பழங்கால இடுகாட்டைக் கண்டுபிடித்தார். 1863 வரை தோண்டி 980 குழிகள். அவர் தொல்லியல் படித்தவர் இல்லை, ஆனால் ஒவ்வொரு குழியிலும் எது எங்கே கிடந்தது என்று குறித்து, நீர்வண்ணத்தில் வரையவும் வைத்தார். புதையல் கிடைத்தால் பங்கு போடுகிற அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. பால்டிக் கடலோரத்து அம்பர் (கல்லாக இறுகிப்போன மரப்பிசின்), ஆப்பிரிக்க யானைத் தந்தம் இரண்டும் அந்த மலைக் குழிகளில் கிடைத்தன, உப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். ஐரோப்பாவின் ஆரம்ப இரும்புக் காலத்தை, சுமார் கி.மு. 800-இலிருந்து 450 வரை, இன்றும் 'ஹால்ஸ்டாட் காலம்' என்றுதான் பாடப் புத்தகத்தில் சொல்கிறார்கள். எலும்புகளை ஆராய்ந்தவர்கள் பெண்களும் சுமை தூக்கியிருக்கிறார்கள், குழந்தைகளின் கழுத்தெலும்பும் தேய்ந்திருக்கிறது என்கிறார்கள். தேவதைக் கதை எல்லாம் இல்லை.

1734-இல் இன்னொன்றும் நடந்தது. சுரங்கத்தில் மேற்கூரை சரிந்த இடத்தில், உப்போடு உப்பாக இறுகிப்போன ஒரு மனித உடல் வெளிப்பட்டது. பழங்காலத்து விபத்தில் சிக்கியவர். ஞானஸ்நானம் பெற்றவரா என்று தெரியாதே! ஆகவே மயானத்தில் ஒதுக்குப்புறமாகப் புதைத்துவிட்டார்கள், இன்று தேடினாலும் கிடைக்காது. உயிரோடு இருந்த லூத்தரன்களைத் திரான்சில்வேனியாவுக்கு அனுப்பத் தொடங்கியதும் இதே வருடம்தான்.

உப்பு காய்ச்ச விறகு வேண்டும், சுற்றியிருந்த காடு தீர்ந்துகொண்டே வந்தது. விறகைக் கொண்டு வருவதற்குப் பதிலாக உப்புநீரை விறகு இருக்கிற இடத்துக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்து, 1595-இலிருந்து 1607-க்குள் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எபென்சே வரைக்கும் குழாய் போட்டார்கள். இரும்புக் குழாய் இல்லை, சுமார் 13,000 மரங்களை நடுவில் துளைத்து ஒன்றோடு ஒன்று செருகிய மரக் குழாய். குழாய் மாறிவிட்டது, ஆனால் உப்புநீர் இன்றும் எபென்சேவுக்குத்தான் போகிறது. 1750-இல் பெரிய தீ வந்து ஊரின் நடுப்பகுதியும் உப்புக் காய்ச்சும் கொட்டகையும் எரிந்துபோயின. நீங்கள் படம் போட்டிருக்கும் சந்தைச் சதுக்கத்து வீடுகளில் பல அந்தத் தீக்குப் பிறகு எழுந்தவை.

இனி மக்கள்தொகை. உங்கள் கட்டுரையில் இது இல்லவே இல்லை. கடந்த நூற்றாண்டின் நடுவில் ஊரில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2001 கணக்கெடுப்பில் தொள்ளாயிரத்துச் சொச்சம். இப்போது சுமார் 750. உப்புக் காய்ச்சும் ஆலை 1960-களிலேயே மூடியாயிற்று, சுரங்கம் ஓடுகிறது ஆனால் ஆள் கொஞ்சம்தான், 1873-இல் ஆரம்பித்த மரவேலைத் தொழிற்பள்ளி ஒன்று நன்றாக நடக்கிறது. மற்றபடி எல்லாம் சுற்றுலா. 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், 2012-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இந்த ஊரையே நகல் எடுத்துக் கட்டினார்கள் (லூத்தரன் கோபுரம் உட்பட), கொரோனாவுக்கு முன்னால் வருடத்துக்குச் சுமார் 10 லட்சம் பேர், கூட்ட நாளில் ஒரே நாளில் 10,000 பேர். 750 பேர் இருக்கிற இடத்தில்! வீடுகள் விடுதியாகவும் விடுமுறை வீடாகவும் மாறினால் இளைஞர்கள் எங்கே குடியிருப்பார்கள்? 2023 மே மாதம் செல்ஃபி எடுக்கிற இடத்தை மறைத்து ஒரு மர வேலி வைத்தார்கள், இணையத்தில் எல்லோரும் திட்டவும் எடுத்துவிட்டார்கள். அதே ஆகஸ்டில் ஊர்க்காரர்கள் ஊருக்கு மலையைக் குடைந்து வருகிற சாலையை மறித்துப் போராட்டமே நடத்தினார்கள். நான் ஆஸ்திரியாவில்தான் வேலை பார்க்கிறேன், ஊரிலிருந்து வரும் உறவினர் எல்லோரும் முதலில் கேட்பது இந்த இடத்தைத்தான், அதனால் யாரையும் போகாதீர்கள் என்று சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் படம் எடுத்த கையோடு திரும்பலாம் என்று உங்கள் கட்டுரை சொல்வதுதான் அந்த ஊருக்கு மிகவும் கெடுதல். வந்து இரண்டு நாள் தங்கிச் செலவழிப்பவரால் ஊருக்குப் பணம் வரும், ஒரு மணி நேரம் வந்து போகிறவரால் குப்பையும் கழிப்பறை வரிசையும்தான் வரும்.

கட்டுரையில் 'பேருந்தில் போய் ஒரு மணி நேரம் சுற்றினால் போதும்' என்று ஒரு வரி இருக்கிறதே, அது நடைமுறைக்கும் ஒத்து வராது. 2020-இலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் முன்பதிவு செய்து நேரம் வாங்கித்தான் உள்ளே வரலாம், வந்தால் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தாக வேண்டும். இதை நம்பி யாராவது பேருந்து பிடித்துவிடப் போகிறார்கள், படக்குறிப்போடு இதற்கும் ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம் ரயிலில் போகிறவர்களுக்கு: ஆட்னாங்-புக்ஹைம் சந்திப்பில் மாற வேண்டும், அக்கரையில் படகு ரயில் நேரத்தை ஒட்டித்தான் ஓடும், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆஸ்திரியாவிலிருந்து உங்கள் வாசகன்