கனமான கோட் என்றால் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகக் கனடா வந்தவர்களுக்கென்று சென்ற வாரம் நீங்கள் போட்டிருந்த குளிர்காலக் குறிப்புகளைப் படித்தேன். வாடகை, பஸ் அட்டை, வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் விவரமாகத்தான் எழுதியிருந்தது. உடுப்புக்கு வந்ததும் "கனமான மேலங்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரியோடு முடித்துவிட்டீர்கள். பக்கத்தில் போட்ட படமோ மழைக்குப் போடுகிற ஒரு ட்ரெஞ்ச் கோட்! நான் ஸ்காபரோவில் தையற்கடை வைத்திருப்பவள். குளிர்காலம் முழுக்க ஸிப் மாற்றுவதுதான் பிழைப்பு. அந்த ஒரு வரியை நம்பிக் கடைக்குப் போகிற பிள்ளைகள் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள்.

போன தை மாதம் ஒரு தம்பி வந்தார், யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவர். கையில் முழங்கால் வரை நீண்ட கம்பளி ஓவர்கோட், நல்ல விலை கொடுத்து வாங்கியது. "அக்கா, இதுக்குள்ள பஞ்சு வைச்சுத் தைக்கலாமோ?" என்று கேட்டார். எப்படி வைப்பது? அக்குளில் இடம் இல்லை, முன்பக்கம் பொத்தான் பூட்டாது. பஸ் தரிப்பில் நின்றால் பொத்தான்களுக்கு நடுவே காற்று புகுந்துவிடுகிறதாம், ஈரப்பனி விழுந்தால் தோள் ஊறிப்போகிறதாம். ஏன் இதை எடுத்தீர்கள் என்றால், "தூக்கிப் பார்த்தன், நல்ல பாரமாய் இருந்தது" என்கிறார். பலாப்பழம் வாங்குவதுபோல கோட் வாங்கினால் இப்படித்தான்.

குளிரைத் தடுப்பது பாரம் இல்லை, உள்ளே அசையாமல் நிற்கும் காற்று. வாத்தின் நெஞ்சில் இருக்கும் மெல்லிய தூவியை அடைத்துத் தைத்ததைத்தான் இங்கே டவுன் ஜக்கெற் என்கிறார்கள். அதைத் தூக்கினால் ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். சில ஜக்கெற்றுகளில் 600, 700 என்று ஓர் எண் போட்டிருக்கும். ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலத்துக்கு உப்பும் என்பதுதான் அந்தக் கணக்கு. எவ்வளவு தூவி அடைத்திருக்கிறது என்பதை அது சொல்லாது. 800 என்று போட்ட மெல்லிய ஜக்கெற்றைவிட 600 போட்ட தடித்தது சூடாக இருக்கலாம். இன்னொன்று: டவுன் ஜக்கெற்றில் கண்டபடி ஊசி ஓட்டாதீர்கள். ஒவ்வொரு துளையிலும் தூவி எட்டிப் பார்க்கும். நான் பழைய தையல் ஓட்டையிலேயேதான் ஊசியை இறக்குவேன்.

ட்ரெஞ்ச் கோட் முதலாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் போட்டது. நெருக்கமாக நெய்த பருத்தித் துணி, மழைக்கும் காற்றுக்கும் ஆனது. ஒக்டோபர் மாதத்துக்கு அழகாக இருக்கும். கம்பளி ஓவர்கோட் காரில் போய்க் காரில் வருகிறவர்களுக்கும் கலியாண வீட்டுக்கும் சரி. நீளமான மரக்கட்டைப் பொத்தானும் கயிற்று வளையமும் வைத்த டஃபிள் கோட்டுக்கு, தடித்த கம்பளித் துணிக்குப் பேர்போன பெல்ஜியத்து டஃபிள் ஊரின் பெயர். கையுறையோடேயே பூட்டலாம், அது ஒரு வசதி.

பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவருக்கு வேண்டியது பார்க்கா. தொடை வரை இறங்க வேண்டும், தலைமூடி இருக்க வேண்டும், ஸிப்புக்கு மேலே காற்றை மறிக்க ஒரு மடிப்புத் துணியும் வேண்டும். இதெல்லாம் வடக்கே பனியில் வாழும் மக்களிடமிருந்து வந்த உடுப்பு. பார்க்கா என்ற சொல் சைபீரியாவின் நெனெட்ஸ் மொழியில் தொடங்கி ரஷ்ய மொழி வழியாக வந்தது. அனோராக் கிரீன்லாந்துச் சொல். அது முன்பக்கம் திறப்பே இல்லாமல் தலைவழியாக மாட்டுவது. வடதுருவப் பழங்குடிகளான இனுயிட் பெண்களின் அமௌட்டி என்ற பார்க்காவில் முதுகுப்பக்கம் ஒரு பை இருக்கும். குழந்தை அதற்குள் தாயின் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பெரிய தலைமூடி இருவரையும் சேர்த்து மூடும். படத்தில் பார்த்தே நான் வெட்டு எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தலைமூடி ஓரத்து மயிரை அலங்காரம் என்று நினைத்துக் கழற்றித் தரச் சொல்கிறவர்களும் உண்டு. முகத்தில் காற்று நேரே அடிக்காமல் உடைப்பதற்குத்தான் அது. வடக்கில் வுல்வரின் என்ற காட்டு விலங்கின் மயிரை விரும்பி வைத்ததற்குக் காரணம், மூச்சு ஈரம் அதில் உறைந்தாலும் தட்டினால் உதிர்ந்துவிடும் என்பது. நான் கழற்றித் தரமாட்டேன் என்று சொல்லிவிடுவேன். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள், போகட்டும்.

நம்மவர்கள் இவை எல்லாவற்றையும் "வின்ரர் ஜக்கெற்" என்று ஒரே பெயரில் சொல்வது எனக்குத் தெரியும். தமிழ்நாட்டு அம்மா ஒருவர் போனில் "ஜாக்கெட் லூசா இருக்கு, பிடிக்கணும்" என்றார். நான் டவுன் ஜக்கெற் என்று நினைத்து, "உள்ளே பஞ்சா, தூவியா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சொன்னதோ சேலைக்குப் போடும் ரவிக்கையை. வீட்டுப் பேச்சில் அது ஒரு சிரிப்போடு போய்விடும். பத்திரிகையில் வந்தால் சனம் காசைக் கொடுத்து வாங்கிவிடும். "மேலங்கி" நல்ல தமிழ்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கடையில் சீட்டில் பார்க்கா, டவுன், ட்ரெஞ்ச் என்றுதான் இருக்கும். அந்தப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே போட்டு, எது எந்தக் குளிருக்கு என்று பக்கத்தில் இரண்டு வரியும் சரியான படமும் போடுங்கள். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். செப்டெம்பர் கடைசியில் போட்டால் நல்லது, டிசம்பர் என்றால் அதற்குள் எல்லோரும் வாங்கி முடித்திருப்பார்கள்.

இப்படிக்கு,
தையற்கடைக்காரி,
ஸ்காபரோ