நாமே செய்த ஜாய்ஸ்டிக்கைக் கன்சோல்கள் ஏற்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழுதுபார்க்கும் உரிமை குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கைப்பேசி, துணி துவைக்கும் இயந்திரம், டிராக்டர் ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசிய அக்கட்டுரை, தொலைக்காட்சியோடு இணைத்து ஆடுவதற்காக நம் வீடுகளுக்குள் வந்துவிட்ட வீடியோ கேம் கன்சோல்களைத் தொடவில்லை. பழுதான பொருளைத் திறந்து சரிசெய்யும் உரிமைக்கு அடுத்தபடியாக இன்னோர் உரிமையும் பேசப்பட வேண்டும் என்று கருதுகிறேன். விலை கொடுத்து வாங்கிய கருவியோடு, நம் கைக்கு ஏற்றபடி நாமே செய்த துணைக்கருவியை இணைத்துப் பயன்படுத்தும் உரிமையே அது. தொழிற்பயிற்சி நிலையமொன்றில் மின்னணுவியல் கற்பிப்பவன் நான். மாணவர்களோடு சேர்ந்து ஆர்கேட் ஜாய்ஸ்டிக்குகளைச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

அறியாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களில் இருந்த அதே கைப்பிடியையும் பெரிய பொத்தான்களையும் ஒரு பெட்டியில் பதித்து, வீட்டுக் கன்சோலோடு இணைத்துக்கொள்வதே ஆர்கேட் ஜாய்ஸ்டிக். எஸ்.என்.கே. நிறுவனம் 1990இல் வெளியிட்ட நியோ ஜியோ வீட்டுக் கன்சோலுடன் இத்தகைய ஜாய்ஸ்டிக்தான் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை ஆட்டம், மூன்று குத்து, மூன்று உதை என ஆறு பொத்தான்களைக் கேட்டது. அதில் ஒரு சிறப்புத் தாக்குதலைச் செய்ய, கீழே, கீழ்-முன் மூலை, முன்னே என்று கைப்பிடியை ஒரே வீச்சில் உருட்டி, அது முடியும் நொடியிலேயே குத்துப் பொத்தானைத் தட்ட வேண்டும். வினாடிக்கு 60 படங்கள் ஓடும் இத்தகைய ஆட்டங்களில் ஒரு படம் திரையில் நிற்பது ஏறத்தாழ 16.7 மில்லிவினாடிதான். இரு கைகளாலும் பிடித்து, கட்டைவிரல்களையே பெரிதும் நம்பி ஆடும் சிறிய கன்ட்ரோலரில் இதைத் திறம்படச் செய்பவர்கள் உண்டு. ஆனால் மணிக்கட்டையும் ஐந்து விரல்களையும் பகிர்ந்து பயன்படுத்துவது பலருக்கு எளிதாக இருக்கிறது, வலியும் குறைகிறது.

ஆயத்தமாக விற்கும் ஜாய்ஸ்டிக்குகள் இருக்கும்போது ஏன் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். எல்லாக் கைகளும் ஒரே அளவில் இல்லை என்பது முதல் காரணம். உள்ளே இருக்கும் பொறியமைப்பு எவரும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய அளவுக்கு எளிமையானது என்பது இரண்டாவது காரணம். ஆசிரியனாகிய எனக்கு இதுவே பெரியது. ஜப்பானின் சான்வா டென்ஷி நிறுவனத்தின் ஜே.எல்.எஃப். வகைக் கைப்பிடியை எடுத்துக்கொள்வோம். எஃகுத் தண்டு ஒன்று, அதை நடுவுக்குத் திருப்பும் சுருள்வில் ஒன்று, அடியில் மைக்ரோசுவிட்சுகள் எனப்படும் நான்கு சிறு சுவிட்சுகள், அவ்வளவுதான். தண்டு நடுவில் தாங்கப்பட்டிருப்பதால், கைப்பிடியை இடப்புறம் சாய்த்தால் அதன் அடிமுனை வலப்புறம் நகர்ந்து வலப்புறச் சுவிட்சை அழுத்துகிறது. ஆகவே இடப்பக்கக் கட்டளைக்கான வயர் வலப்பக்கச் சுவிட்சுக்குப் போக வேண்டும். இந்த ஒரு செய்தியைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதைவிடக் கைப்பிடியைத் தலைகீழாகப் பிடித்து அசைத்துக் காட்டினால் மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். தண்டு எதுவரை நகரலாம் என்பதை அடியிலுள்ள தடுப்புச் சட்டம் தீர்மானிக்கிறது. சதுரச் சட்டமானால் மூலைத் திசைகள் நான்கும் சட்டத்தின் மூலைகளிலேயே அகப்படும். எண்கோணச் சட்டமானால் எட்டுத் திசைகளுக்கும் ஒவ்வொரு பள்ளம் இருக்கும். புதியவர்கள் எண்கோணத்தை விரும்புகிறார்கள். ஆனால் சதுரத்தில் பழகுவதே நல்லது என்பது என் கருத்து. சட்டத்தின் விளிம்பில் மோதித் திசையை அறிவதை விட்டு, சுவிட்ச் விழும் ஓசையைக் கேட்டு அறியும் பழக்கம் அதில்தான் வருகிறது.

பெட்டி செய்வது தச்சு வேலை. இதில் கவனிக்க வேண்டியது மேற்பலகையின் கனம். பரவலாகப் பயன்படும் 30 மி.மீ. விட்டப் பொத்தான்கள், துளையில் வைத்து அழுத்தினால் பக்கவாட்டு நாக்குகள் விரிந்து பிடித்துக்கொள்ளும் வகையின. அந்த நாக்குகள் சில மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டையே பிடிக்கும். 18 மி.மீ. மரப்பலகையில் துளை போட்டு அதே பொத்தானைச் செருகினால் அது நிற்காது. எனவே பக்கச் சுவர்களைக் கனமான பலகையில் செய்து, மேற்பரப்புக்கு மட்டும் இரும்புத் தகடு அல்லது லேசரில் வெட்டிய அக்ரிலிக் தகட்டைப் பயன்படுத்துகிறோம். பெட்டி கனமாக இருப்பது நல்லது. இலேசான பெட்டி மடியில் நகர்ந்துகொண்டே இருக்கும். பொத்தான்களை நேர்க்கோட்டில் வைக்காமல், மேசைமீது கையைத் தளர்த்தி வைத்தால் விரல் நுனிகள் எங்கே விழுகின்றனவோ அந்த வளைவில் வைக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தன் கையைத் தாளில் வரைந்து அந்த வளைவைக் கண்டுபிடிக்கிறார். இருவரின் வளைவு ஒன்றாக இருந்ததை நான் பார்த்ததில்லை.

மின்னிணைப்பு இதைவிட எளிது. ஒவ்வொரு பொத்தானுக்கும் இரு முனைகள். ஒரு முனையைப் பொதுவான தரைக்கம்பியில் சங்கிலியாகக் கோத்துவிட்டு, மற்ற முனையை மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிறு கணிப்புச் சில்லின் தனித்தனிக் கால்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் அறிமுகமான ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு போர்டு இதற்குப் போதும். அதற்கான ஜி.பி.2040-சி.இ. என்ற மென்பொருளை ஆர்வலர்கள் எழுதி, எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கொடுத்திருக்கிறார்கள். வினாடிக்கு 1000 முறை பொத்தான்களின் நிலையைக் கன்சோலுக்குச் சொல்லும் வல்லமை அதற்கு உண்டு. சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் இப்பொருள்களைத் தேடிச் சேர்க்கலாம். ஆக, வேலை முழுவதும் ஐ.டி.ஐ. மாணவர் ஒருவரின் திறனுக்கு உட்பட்டது.

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. செய்து முடித்த ஜாய்ஸ்டிக் எந்தக் குறையும் இன்றி இயங்கினாலும், அதை ஏற்பதா வேண்டாமா என்பதைக் கன்சோலைத் தயாரித்த நிறுவனம் முடிவு செய்கிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1977இல் வந்த அட்டாரி 2600இன் ஒன்பது முனைச் செருகியில் நான்கு திசைகளுக்கு நான்கு கம்பி, பொத்தானுக்கு ஒரு கம்பி, தரைக்கு ஒரு கம்பி இருந்தால் ஜாய்ஸ்டிக் முழுமையாகிவிடும். நின்டெண்டோவின் என்.இ.எஸ். கன்சோலுக்கு 4021 என்ற ஒரே ஒரு ஷிஃப்ட் ரிஜிஸ்டர் சில்லு போதும். எட்டுப் பொத்தான்களையும் அது வரிசையாகப் படித்து அனுப்பிவிடும். நம் ஊர்களில் டிவி கேம் என்ற பெயரில் விற்ற நகல் கருவிகளின் கன்ட்ரோலர்களும் இதே முறையில்தான் இயங்கின. சோனியின் பிளேஸ்டேஷன் 3கூடப் பொதுவான யு.எஸ்.பி. விதிகளின்படி பேசும் கன்ட்ரோலரை மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்து மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360, நிறுவனத்தின் அங்கீகாரத்தைக் காட்டும் பாதுகாப்புச் சில்லு இல்லாத கன்ட்ரோலரை ஏற்க மறுத்தது. அதனால் ஆர்வலர்கள் அசல் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கி, பிரித்து, அதன் சர்க்யூட் போர்டில் ஒவ்வொரு பொத்தானின் தொடுபுள்ளியிலும் மெல்லிய வயரைப் பற்றவைத்துத் தங்கள் பெட்டிக்குள் பொருத்த வேண்டியிருந்தது. நன்றாக இயங்கும் ஒரு பொருளை அதன் அடையாளச் சில்லுக்காக மட்டுமே உடைக்கச் செய்த ஏற்பாடு அது. இன்று நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிளேஸ்டேஷன் 4இல் உரிமம் பெறாத ஜாய்ஸ்டிக் இயங்கும், ஆனால் எட்டு நிமிடங்களில் தொடர்பு அறுந்துவிடும். 2023 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் கன்சோல்கள், அங்கீகாரம் பெறாத துணைக்கருவிகளை இணைத்தவர்களுக்கு எச்சரிக்கை காட்டி, இரண்டு வாரங்களில் அவற்றைத் தடுக்கத் தொடங்கின. முதல் நாள்வரை இயங்கிய பொருளை, உரிமையாளரின் ஒப்புதல் இன்றி, மென்பொருள் மாற்றம் ஒன்றின் மூலம் செயலிழக்கச் செய்வது எந்த வகையில் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் இதில் வேறுபட்டு நிற்கிறது. அதன் உரிமம் பெற்ற கம்பி கன்ட்ரோலர் பேசும் முறையை அப்படியே பேசும் பிக்கோ போர்டை அது ஏற்றுக்கொள்கிறது. எங்கள் மாணவர்கள் செய்யும் ஜாய்ஸ்டிக்குகளை அதில்தான் சோதித்துப் பார்க்கிறோம்.

இது பொழுதுபோக்குக்காரர்களின் சின்னக் குறை என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். என் அண்ணன் மகனுக்குப் பிறவியிலேயே இடக்கை விரல்கள் முழுமையாக வளரவில்லை. கடையில் விற்கும் எந்தக் கன்ட்ரோலரும் இரு கைகளிலும் எல்லா விரல்களும் இருக்கும் என்று எண்ணியே செய்யப்பட்டிருக்கிறது. அவனுக்காகச் செய்த ஜாய்ஸ்டிக்கில் தண்டின் உச்சியிலுள்ள உருண்டையைக் கழற்றினோம், 6 மி.மீ. மரையில் திருகியிருக்கும் அது எளிதில் கழன்று வரும். அதற்குப் பதிலாக உள்ளங்கை பதிந்து நிற்கும்படி அகன்ற குழிவான பிடியொன்றை மரக்கடைசல்காரரிடம் கடைந்து வாங்கிப் பொருத்தினோம். இடது உள்ளங்கையால் திசையையும் வலக்கை விரல்களால் எட்டுப் பொத்தான்களையும் அவன் இயல்பாக இயக்குகிறான். ஒரு கன்சோலில் தன் வயதுப் பிள்ளைகளோடு சரிக்குச் சரியாக ஆடும் அவன், இன்னொரு நிறுவனத்தின் கன்சோலை வைத்திருக்கும் நண்பன் வீட்டுக்குப் போனால் வேடிக்கை பார்க்க மட்டுமே முடிகிறது. அவனுடைய ஜாய்ஸ்டிக்கில் எந்தக் குறையும் இல்லை; அந்தக் கன்சோல் கேட்கும் முத்திரை அதில் இல்லை, அவ்வளவே.

கதவைத் திறந்து வைப்பது எப்படி என்பதை இந்நிறுவனங்களே அறிந்திருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில், இயர்போன் பின் செருகுவது போன்ற 3.5 மி.மீ. துளைகள் 19 உள்ளன. எந்தப் பொத்தானின் இரு முனைகளையும் அத்தகைய பின்னில் பற்றவைத்துச் செருகினால் கன்சோல் அதை ஏற்கும். சோனி நிறுவனம் 2023 டிசம்பரில் கொண்டுவந்த அக்சஸ் கன்ட்ரோலரிலும் இத்தகைய துளைகள் நான்கு உள்ளன. இவ்விரண்டும் பாராட்டத்தக்க படைப்புகள், இவற்றால் பயன்பெற்றவர்கள் பலர். ஆயினும் தன் பெட்டியைத் தானே செய்துகொண்ட ஒருவர், அதைக் கன்சோல் ஏற்க வேண்டும் என்பதற்காக இன்னொரு பெட்டியையும் விலைக்கு வாங்க வேண்டும் என்ற நிலை ஏன் இருக்க வேண்டும்?

ஏமாற்று வேலையைத் தடுக்கவே இந்தக் கட்டுப்பாடு என்ற வாதத்தையும் நான் கருத்தில் கொள்கிறேன். தானே குறிவைத்துச் சுடும், தானே பொத்தானைத் தட்டும் கருவிகள் இணையவழி ஆட்டங்களைக் கெடுப்பது உண்மை. ஆனால் அத்தகைய கருவிகள் பலவும் அசல் கன்ட்ரோலர் ஒன்றைத் தம்மோடு இணைத்து, அதன் அடையாளத்தைக் காட்டித்தான் கன்சோலுக்குள் நுழைகின்றன. இந்தப் பூட்டு ஏமாற்றுபவர்களைத் தடுக்கவில்லை. நேர்மையாகப் பலகை அறுத்து வயர் கோத்தவரையே தடுக்கிறது. நியாயமான ஆட்டத்தை ஆட்ட விதிகளால் காக்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டும் இருக்கிறது. கைப்பிடிக்குப் பதிலாகத் திசைகளுக்கும் பொத்தான்களையே வைத்த பெட்டிகளில் இடதையும் வலதையும் ஒரே நேரத்தில் அழுத்த முடியும் என்பதால் சிலருக்குச் சாதகம் உண்டாகிறது என்ற முறையீடு எழுந்தபோது, கேப்காம் தன் 2023ஆம் ஆண்டுப் போட்டித் தொடருக்கு, எதிரெதிர்த் திசைகள் சேர்ந்து அழுத்தப்பட்டால் அசைவே இருக்கக் கூடாது என்று விதி வகுத்தது. அந்தப் பெட்டிகளை அது அடியோடு விலக்கவில்லை.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்து, வேளாண் கருவிகள், கைப்பேசி மற்றும் கையடக்கக் கணினிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய துறைகளை முதலில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று இதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. இந்த முயற்சி கன்சோல்களுக்கும் அவற்றின் துணைக்கருவிகளுக்கும் நீட்டிக்கப்பட வேண்டும். மேலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, அனைவரும் பயன்படுத்தத்தக்க வடிவமைப்புடைய நுகர்பொருள்களையும் துணைக்கருவிகளையும் உருவாக்குவதையும் உற்பத்தி செய்வதையும் ஊக்குவிக்கும் பொறுப்பை அரசிடம் ஒப்படைத்திருக்கிறது. அந்தப் பிரிவின் நோக்கம் நிறைவேற, இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு கன்சோலும் பொதுவான யு.எஸ்.பி. விதிகளின்படி பேசும் கம்பி ஜாய்ஸ்டிக்கை, குறைந்தது வீட்டுக்குள் ஆடும் ஆட்டங்களிலேனும், உரிமச் சில்லு கேட்காமல் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையை அரசு விதிக்கலாம். இணையவழிப் போட்டிகளுக்குத் தனி விதிகளை நிறுவனங்கள் வைத்துக்கொள்ளட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஏற்கெனவே விற்ற கருவியில் இயங்கிவந்த துணைக்கருவியைப் பிற்கால மென்பொருள் மாற்றத்தால் முடக்குவதை மட்டும் நுகர்வோர் சட்டம் அனுமதிக்கக் கூடாது.

இக்கோரிக்கையைத் துறையின் கவனத்துக்குக் கொண்டுசெல்லத் தங்கள் நாளிதழ் உதவ வேண்டும் என்றும், பழுதுபார்க்கும் உரிமை குறித்து இனி வெளியிடும் கட்டுரைகளில் வீடியோ கேம் கன்சோல்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மின்னணுவியல் பயிற்றுநர்,
கோயம்புத்தூர்.