சிறுமி அல்ல, சிறுவன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் மௌனப்பட நகைச்சுவை பற்றிய கட்டுரையில், ‘அக்கால ஹாலிவுட் சிரிப்புப் படங்களில் கறுப்பினத்தவருக்கு இடமே இல்லை, முகத்தில் கரி பூசிய வெள்ளையர்தான்’ என்று ஒரு வரி. அதற்கு நேர் மேலே ஒரு கறுப்பினக் குழந்தையின் படம்! ‘சிறுமி ஃபரீனா’ என்று விளக்கம் வேறு. ஒரே பக்கத்தில் வரியும் படமும் சண்டை போடுவது மெய்ப்புப் பார்த்தவர் கண்ணில் படவில்லை போலும்.

ஃபரீனா சிறுமி அல்ல. ஆலன் ஹாஸ்கின்ஸ் என்ற பையன். தயாரிப்பாளர் ஹால் ரோச் 1922-இல் தொடங்கிய ‘அவர் கேங்’ (Our Gang, ‘நம்ம கூட்டம்’) என்ற சிறுவர் குறும்படங்களில் தலை நிறையக் குட்டிப் பின்னல்களோடு, ஆணா பெண்ணா என்று தெரியாதபடி அவனுக்கு வேஷம் கட்டினார்கள். அந்தக் குழப்பமே அங்கே சிரிப்புச் சரக்கு. நூறு வருஷம் கழித்தும் அது விலை போகிறது, தங்கள் பத்திரிகையில்.

அவனுக்கும் முன்பு, 1919-இலேயே, ‘சன்ஷைன் சாமி’ என்ற கறுப்பினச் சிறுவன் எர்னி மாரிசனை ரோச் நீண்டகால ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டார். ஆகவே இடம் இருந்தது ஐயா. பேயைக் கண்டு நடுங்கவும் கோழி திருடவும்தான் பெரும்பாலும் இருந்தது. எழுத வேண்டியது அதையல்லவா?

கரி விஷயமும் அரைகுறை. தக்கையைச் சுட்டு, பொடித்து, தண்ணீரில் குழைத்து அப்புவது அது. உதட்டைச் சுற்றி அகலமாக வெளிறிய வளையம் விடுவார்கள். சிவப்புச் சாயம் பூசிப் பயனில்லை. அன்றைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாகவே விழும். இந்தக் கரியைக் கறுப்பினக் கலைஞர்களும் பூச நேர்ந்தது. கறுப்பின நகைச்சுவை நடிகர் பெர்ட் வில்லியம்ஸ் 1913-இல் நடித்த படத்தில் (அது ஹாலிவுட்டுமல்ல, பயோகிராப் கம்பெனி நியூயார்க் பக்கம் எடுத்தது) உடன் நடித்த கறுப்பினத்தவர் பலர் சொந்த முகத்தோடு வர, கதாநாயகர் மட்டும் கரியோடு வருகிறார். வெள்ளைக்கார ரசிகர்கள் மற்றவர்களைப் பொறுத்துக்கொள்ள அவர் கொடுத்த விலை அது என்கிறார்கள் ஆய்வாளர்கள். படம் முடிக்கப்படாமலே கிடந்து, 2014-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் திரையேறியது. பஸ்டர் கீட்டனின் ‘காலேஜ்’ (1927) இன்னும் எளிய சாட்சி: கரி பூசிப் பரிமாறப் போகும் கீட்டனின் சாயம் கலைந்ததும் விரட்டுகிறவர்கள் நிஜமான கறுப்பினச் சமையலறைக்காரர்கள்.

இதோடு போகட்டும் என்றால், தீபாவளி மலரில் நடிகை மேபல் நார்மண்டை ‘சாப்ளினின் ஜோடி’ என்றே முடித்துவிட்டீர்கள். 1914-இல் சாப்ளின் கீஸ்டோன் படக் கம்பெனிக்குள் நுழைந்தபோது அங்கே பெரிய நட்சத்திரம் மேபல்தான், சாப்ளினையே இயக்கியவர். ‘இவள் என்னை இயக்குவதா’ என்று சாப்ளின் முறுக்கிக்கொண்ட கதை தாங்கள் அறியாததா? போன வருஷமோ, ‘அந்தக் கால நடிகர்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள்’ என்று ஒரு துணுக்கு. கையால் சுற்றி விநாடிக்கு 16 சட்டம் (ஃபிரேம்) எடுத்ததை 24-இல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம் வரும். அது நடிகர் கால் செய்த பிழையா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ‘சிறுமி’யைச் ‘சிறுவன்’ ஆக்கி, ஆலன் ஹாஸ்கின்ஸ் என்ற பெயரோடு ஒரு வரித் திருத்தம். முடிந்தால், ராசிபலன் பக்கத்தின் அடியில் இல்லாமல்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கும்பகோணம்