முதலில் பத்து ஏக்கரைச் சுற்றி நடந்து பாருங்கள்

பிரிட்டிஷ் கொலம்பியாவில் பள்ளிப் பாடமும் தெருவோரத் தகவல் பலகையும் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். ஜோசப் டிரட்ச் பெயர் உங்கள் மேஜைக்கு அடிக்கடி வரும். 1871-ல் உங்கள் மாகாணம் கனடாவோடு சேர்ந்தபோது ராணியின் பிரதிநிதியாக, முதல் துணைநிலை ஆளுநராக வந்து உட்கார்ந்தவர் அவர்தான். இப்போது அந்தப் பெயரை ஒவ்வொரு இடமாகக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். விக்டோரியா பல்கலைக்கழகம் 2017-ல் ஒரு மாணவர் விடுதியிலிருந்து எடுத்தது. 2022-ல் விக்டோரியா நகரத்தில் அவருடைய பழைய வீடு நிற்கிற தெருவுக்கே பெயர் மாறியது. புதுப் பெயரை 'சேயீட்' என்று உச்சரிக்கிறார்கள், அந்தப் பகுதிப் பழங்குடியினரின் லெக்வுங்கன் மொழியில் 'உண்மை' என்று பொருள்.

நல்லது, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் காரணம் கேட்டால் பெரும்பாலும் 'இனவெறியர்' என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்குச் சாட்சியாக, 1850-ல் ஓரிகானிலிருந்து அவர் எழுதிய கடிதத்தைக் காட்டுவார்கள். அங்கிருந்த பழங்குடி மக்களை நாய்களோடு வைத்துப் பேசிய கடிதம். கேவலமான கடிதம்தான். ஆனால் அந்தக் காலத்தில் அப்படிப் பேசியவர்கள் ஏராளம், அதில் எத்தனை பேர் கையில் ஒரு காலனியின் நிலப் பதிவேடு இருந்தது?

நான் நில அளவைத் தொழிலில் இருந்தவன். அதனால் இந்த ஆளின் வேலையை ஒரு சர்வேயரின் கண்ணால்தான் பார்க்க முடிகிறது. 1826-ல் இங்கிலாந்தின் சோமர்செட்டில் பிறந்தார், சிறுவயது ஜமைக்காவில், பிறகு இங்கிலாந்திலேயே பொறியாளர் பயிற்சி. 1849-ல் தங்கம் தேடி கலிபோர்னியா போன கூட்டத்தோடு போனார், ஓரிகானில் நிலம் அளந்தார், 1859-ல் பிரிட்டிஷ் கொலம்பியா வந்தார். கரிபூ சாலையில் ஒரு பகுதியைப் போட்டார். ஸ்பஸம் அருகே ஃப்ரேசர் ஆற்றின் மேல் 1863-ல் அவர் கட்டிய அலெக்சாண்ட்ரா தொங்குபாலம், அந்த மலையிடுக்கையும் ஆற்றின் வேகத்தையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், சாதாரண வேலை இல்லை. 1894 வெள்ளத்தில்தான் அது போனது. கெட்டிக்காரர் என்பதை மறைக்காதீர்கள், அப்போதுதான் மிச்சமும் புரியும்.

1864-ல் நிலத்துக்கும் பொதுப்பணிக்கும் தலைமை ஆணையர் ஆனார். அதுவரை ஆளுநராக இருந்த ஜேம்ஸ் டக்ளஸ், எந்த நிலம் வேண்டும் என்று பழங்குடி மக்களே காட்டட்டும், அதை அளந்து கல் போடுங்கள் என்று சொல்லியிருந்தார். அந்த ஆண்டுதான் டக்ளஸ் ஓய்வு பெற்றார். டிரட்ச் கோப்பைப் பிரித்து, அளந்தவர்கள் உத்தரவை மீறி அளந்துவிட்டார்கள் என்று சொல்லி, தாம்சன் ஆற்றுப் பக்கமும் கீழ் ஃப்ரேசரிலும் ஒதுக்கியிருந்த நிலங்களை மறுபடி அளக்க வைத்துச் சுருக்கினார். தாங்கள் உரிமை கொண்டாடுகிற நிலத்தில் அவர்களுக்கு உரிமையே கிடையாது, அது அவர்களுக்கு உபயோகப்படுவதும் இல்லை என்று 1867-ல் எழுதி வைத்தார். கணக்கு குடும்பத்துக்கு 10 ஏக்கர் என்று நின்றது. அதே மண்ணில் ஒரு வெள்ளைக்காரக் குடியேறி 160 ஏக்கரைத் தன் பெயருக்குப் பதிந்துகொள்ளலாம். 1866 சட்டத்துக்குப் பிறகு ஒரு பழங்குடியினர் அப்படிப் பதிய வேண்டுமென்றால் ஆளுநரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்.

இந்த இரண்டு எண்களையும் தாளில் பார்த்தால் பதினாறு மடங்கு, அவ்வளவுதான், கண் தாண்டிப் போய்விடும். நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடித்தவனுக்கு அது வேறு மாதிரி தெரியும். அன்றைய சங்கிலி 66 அடி, 100 லிங்க். நம் ஊர்ப் பழைய புல வரைபடங்களும் அதே லிங்க் கணக்கில்தான் இருக்கும். சதுரமாக வெட்டிய 10 ஏக்கருக்கு ஒரு பக்கம் 10 சங்கிலி, நான்கு பக்கமும் சுற்றினால் 40. 160 ஏக்கருக்கு ஒரு பக்கமே 40 சங்கிலி. அதாவது ஒரு குடும்பம் தன் நிலம் முழுவதையும் சுற்றி வந்து வீட்டு வாசலில் நிற்கிற அந்தப் பத்து நிமிடத்தில், பக்கத்து நிலத்துக்காரர் இன்னும் தன் முதல் மூலைக் கல்லைத்தான் தொட்டிருப்பார். மழை குறைந்த உள்நாட்டில், மாடு குதிரை வைத்துப் பிழைத்தவர்களுக்கு அந்தப் பத்து ஏக்கர் எந்த மூலைக்கு?

அப்புறம் அந்த 'தாராளம்'. கனடாவோடு சேரும் பேச்சுவார்த்தைக்கு 1870-ல் கனடாவின் தலைநகரான ஒட்டாவா போன மூவரில் டிரட்ச் ஒருவர். இரண்டு ஆண்டில் ரயில் வேலை தொடங்கி, பத்து ஆண்டில் முடிக்க வேண்டும் என்று வாங்கி வந்தார்கள், அது எல்லாப் பாடத்திலும் இருக்கும். அதே ஒப்பந்தத்தின் 13-வது பிரிவையும் தயவுசெய்து எடுத்துப் போடுங்கள். இதுவரை பிரிட்டிஷ் கொலம்பியா கடைப்பிடித்த அதே அளவு தாராளமான கொள்கையை இனி கனடாவும் கடைப்பிடிக்கும் என்கிறது அது. பத்து ஏக்கருக்குப் பெயர் தாராளம்! மற்ற இடங்களில் அதைவிடப் பல மடங்கு ஒதுக்கிக்கொண்டிருந்த ஒட்டாவா அரசுக்கு அந்த வரியின் கீழே என்ன இருக்கிறதென்று பிறகுதான் தெரிந்தது. 1873-ல் குடும்பத்துக்கு 80 ஏக்கர் கொடுக்கச் சொன்னார்கள், மாகாணம் 20-க்கு மேல் முடியாது என்றது. 1874-ல் கீழ் ஃப்ரேசர் தலைவர்கள் எழுதிய மனுவிலும் 80 ஏக்கர்தான் கேட்டிருக்கிறார்கள். டிரட்ச் 1876 வரை துணைநிலை ஆளுநர் பதவியில் இருந்தார். நில உரிமையை விலை கொடுத்து வாங்க ஆரம்பித்தால் முப்பது வருடமாக இங்கே செய்ததையெல்லாம் பின்னால் தள்ளுவதாகும் என்று 1872-லேயே பிரதமர் மெக்டொனால்டுக்கு எழுதியிருந்தார். அந்த முப்பது வருடத்துக்குள்தான், 1850-க்கும் 1854-க்கும் இடையில், வான்கூவர் தீவில் டக்ளஸ் 14 ஒப்பந்தங்கள் போட்டு நிலத்தை வாங்கினார். டிரட்சுக்கு அது தெரியாதா என்ன, அவையெல்லாம் வெறும் நட்புக்காகக் கொடுத்தது என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். 1889-ல் சர் பட்டம் வந்தது, 1904-ல் சோமர்செட்டிலேயே இறந்தார்.

ஆகவே என் கோரிக்கை சின்னது. அவரைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, பட்டத்துக்கும் வசைக்கும் நடுவில் அந்த இரண்டு சதுரங்களை ஒரே அளவுகோலில் வரைந்து போடுங்கள், பக்கத்தில் 13-வது பிரிவை முழுதாக அச்சிடுங்கள். முடிந்தால் பள்ளிப் பிள்ளைகளை பீக்கன் ஹில் பூங்காவுக்குக் கூட்டிப்போய் ஒரு பக்கம் 660 அடி என்று நான்கு கொடி நட்டு, சுற்றி நடக்க விடுங்கள். மூலையில் கொடி பிடித்து நிற்க ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், காலை முதல் ஃபெர்ரியில் வந்துவிடுகிறேன், கயிறும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
பழைய சர்வேயர் ஒருவன்